ஆண்டவரே, நீர் அறிவீர்!

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம் உண்டு. பாளையங்கோட்டையில் ஓட்டு வீடு. பாயை விரித்து அப்பா நடுவில் உட்கார்ந்திருப்பார். அம்மா சுவர் ஓரம். நாங்கள் மூன்று பிள்ளைகள் பசியோடு. அடுக்களையிலிருந்து ரசம் மணக்கும். ஒரு பாட்டு, வேதாகமத்தில் ஒரு அதிகாரம், அப்புறம் அப்பாவின் ஜெபம். அதுதான் நீளம்.

அப்பா நல்ல மனிதர். ஆனால் அவருடைய ஜெபத்தில் ஒரு விசேஷம் உண்டு. கண் மூடியிருக்கும், முகம் மேலே பார்த்திருக்கும், வார்த்தைகள் மட்டும் எங்களை நோக்கி வரும்.

“ஆண்டவரே, நீர் அறிவீர். கணக்கில் 35 மார்க் வாங்கிவிட்டு, ரிப்போர்ட் கார்டை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்த பிள்ளையையும் நீர் அறிவீர்...”

நான் மெதுவாக ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பேன். அம்மாவும் ஒரு கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஜன்னல் திறந்திருக்கும் நாட்களில் ஜெபத்தின் சத்தம் கொஞ்சம் கூடும். “பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை எங்கள் கூரையில் விழுந்து மூன்று ஓடு உடைந்ததை நீர் அறிவீர்.” கர்த்தருக்கு அது ஏற்கெனவே தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டும், அதுதான் விஷயம். இரண்டு நாளில் காய்ந்த மட்டையெல்லாம் வெட்டப்பட்டிருக்கும். “பார்த்தியா, ஜெபம் கேட்கப்பட்டது” என்பார் அப்பா.

சிரிக்கிறீர்களா? நானும் ரொம்ப நாள் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அந்த வித்தை எனக்கும் வந்துவிட்டது என்று தெரிகிறவரை.

சென்னைக்கு வந்து, வேலை கிடைத்து, கல்யாணம் ஆகி, ஒரு சபையில் சேர்ந்த சில வருஷங்களில் எனக்கு ஒரு பெயர் உண்டாயிற்று. ‘அவர் நல்லா ஜெபம் பண்ணுவார்.’ கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். அதென்ன ஜெபத்தில் நல்லா, சுமார்? எழுதிவைத்த ஜெபங்கள் எங்களிடமும் உண்டு. ஆனால் வீட்டுக் கூட்டங்களில், புதுமனை புகுவிழாவில், ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில், அந்த இடத்திலேயே சொந்தமாக வார்த்தை கோத்து வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்பார்கள். இடையிடையே ‘ஆமென்’ சொல்வார்கள். ஆக, பேச ஓர் ஆள், கேட்க ஒரு கூட்டம். கடவுளும் அங்கே இருக்கிறார் என்பது சில சமயம் மறந்துபோகும்.

பட்டிமன்றப் பேச்சாளருக்குக் கைதட்டல் மாதிரி எனக்கு ஆமென். எந்த வரியில் விழும் என்பது அத்துப்படி. அதிலும் தாழ்மையான வரிகளுக்கு நிச்சயம் விழும். “தூசியும் சாம்பலுமான நாங்கள்... ஒன்றுக்கும் உதவாத அடியேன்...” என்று குரலை ஒரு சுருதி இறக்கிச் சொன்னால், பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார் உச்சுக்கொட்டுவார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஸ்கூட்டரில் பின்னால் இருக்கும் மனைவியிடம், “இன்னைக்கு ஜெபம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்பேன். ஒன்றுக்கும் உதவாத அடியேன் என்று சொன்னது எப்படி எடுபட்டது என்று விசாரிக்கிறேன்! அவள், “சிக்னல் விழுந்துருச்சு. பார்த்து ஓட்டுங்க” என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தம்பியின் வீட்டுக் கூட்டம் வந்தது. பெயர் வேண்டாம். என்னைவிட ஆறு வயது சின்னவன், ஊர்க்காரன், வாய் நிறைய ‘அண்ணே’ என்று கூப்பிடுகிறவன். அச்சகம் வைத்திருந்தான். நன்றாகப் போன தொழில். அப்புறம் குடி, கடன். மிஷினை விற்றான். மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். பெரியவர்கள் பேசி, திரும்பி வந்தாள். அவன் குடியை விட்டு 40 நாள் ஆகியிருந்தது. அதற்கு நன்றி சொல்ல ஒரு சின்ன ஸ்தோத்திரக் கூட்டம். பத்துப் பதினைந்து பேர். என்னை ஜெபிக்கச் சொன்னார்கள்.

ஜெபித்தேன். அருமையாக வந்தது. ‘ஆண்டவரே, நீர் அறிவீர்’ என்று தொடங்கி, அவன் விழுந்த குழியையும், விற்ற மிஷினையும், அந்தப் பெண் பட்ட பாட்டையும் வரிசையாகச் சொன்னேன். எங்களையெல்லாம் அந்த வழியில் போகவிடாமல் காத்ததற்காக உருக்கமாக நன்றி சொன்னேன். ஆமென்கள் விழுந்தன. கண்ணைத் திறந்தபோது அவனுடைய மாமியார் அழுதுகொண்டிருந்தார். ஜெபம் மனசைத் தொட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

செருப்பை மாட்டும்போது அவன் வாசல்வரை வந்தான்.

“அண்ணே, உங்க ஜெபம் நல்லா இருந்துச்சு. ஆனா... அவர்கிட்ட என்னைப் பத்திக் கோள் சொன்ன மாதிரி இருந்துச்சுண்ணே.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அதன் பிறகு அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வருவது குறைந்தது. அப்புறம் நின்றேபோயிற்று.

எனக்கு முதலில் வந்தது கோபம். நல்லதுக்குத்தானே ஜெபம் பண்ணினேன், இதில் என்ன கோள்? ஒரு வாரம் மனைவியிடம் புலம்பினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஐயர் லூக்கா 18-ஆம் அதிகாரத்தை வாசித்தார். (எங்கள் ஊர்ப் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். சென்னைக்கு வந்தும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை, குழம்ப வேண்டாம்.) சின்ன வயசிலிருந்து தெரிந்த கதை. அன்றைக்கு என் வீட்டு முகவரி எழுதி வந்த தபால் மாதிரி இருந்தது.

இயேசு சொன்ன கதை அது. எருசலேம் ஆலயத்துக்கு இரண்டு பேர் ஜெபிக்கப் போகிறார்கள். ஒருவன் பரிசேயன். இன்னொருவன் ஆயக்காரன்.

ஆயம் என்றால் வரி. ‘மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை’ என்று போர்டில் பார்க்கிறோமே, அதே ஆயம். ரோமர்களின் அதிகாரத்துக்குக் கீழே இருந்த அந்த நாட்டில், சுங்கம் வசூலிக்கிற உரிமையைக் குத்தகைக்கு விடுவார்கள். எடுத்தவன், கட்டிய பணத்துக்கு மேல் எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவு கறப்பான். அவனுக்குக் கீழே, போகிற வருகிறவனின் மூட்டையை அவிழ்க்கச் சொல்லும் ஆட்கள். சொந்த ஜனத்திடம் பிடுங்கி அந்நியனுக்குக் கொடுக்கிறவன் என்று ஊரே வெறுத்தது.

பரிசேயன் என்றால் நாம் வில்லன் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஞாயிறு பள்ளி நாடகத்தில் குரல் பெரிது என்பதால் எனக்குத்தான் அந்த வேஷம் கிடைக்கும். பஞ்சுத் தாடியோடு மேடை ஏறினாலே பிள்ளைகள் ஊளையிடுவார்கள். ஆனால் இந்தக் கதையை முதன்முதலில் கேட்டவர்களுக்கு அவன் வில்லன் இல்லை. பரிசேயர்கள் ஜனங்களிடம் மதிப்புப் பெற்றவர்கள். மோசேயின் சட்டம் கட்டாயம் என்று சொன்ன உபவாசம் வருஷத்துக்கு ஒரு நாள்தான். இவனோ வாரத்துக்கு இரண்டு நாள் பட்டினி கிடக்கிறான். வருகிற எல்லாவற்றிலும் பத்தில் ஒரு பங்கு காணிக்கை. கொள்ளை இல்லை, அநியாயம் இல்லை, விபசாரம் இல்லை. இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைத்தால் நாம் விசாரிக்காமலே பெண் கொடுப்போம்.

அவன் ஜெபத்தில் பொய் என்று எதுவும் இல்லை. எல்லாம் என் திறமை என்றுகூட அவன் சொல்லவில்லை. கடவுளுக்கு நன்றி என்றுதான் ஆரம்பிக்கிறான். அப்புறம் எங்கே இடறியது?

‘இந்த’ என்கிற ஒரு சின்ன வார்த்தையில். இந்த ஆயக்காரனைப் போலவும் நான் இல்லை என்கிறான். கடவுளைப் பார்த்து நின்றவனுக்கு, தூரத்தில் ஒதுங்கி நின்ற ஆள் எப்படிக் கண்ணில் பட்டான்? ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறான். என் அப்பா மாதிரி. என்னை மாதிரி. தன் உயரத்தைக் கடவுளிடம் காட்டப் பக்கத்தில் ஓர் அளவுகோல் தேவைப்பட்டது, கைக்கெட்டிய தூரத்தில் ஒரு மனுஷன் கிடைத்தான். அந்தத் தம்பி எனக்குக் கிடைத்த மாதிரி.

ஆயக்காரனுக்கும் அந்த வசதி இருந்தது. “எனக்கு மேலே குத்தகை எடுத்தவன் அடிக்கிற கொள்ளைக்கு முன்னால் நான் எம்மாத்திரம்?” என்று கேட்டிருக்கலாம். நம் ஆபீஸ்களில் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் சொல்வது அதைத்தானே. அவன் யாரையும் இழுக்கவில்லை. கண்ணைக்கூட உயர்த்தாமல், மார்பில் அடித்துக்கொண்டு, நான் பாவி, இரங்கும் என்கிறான். அவ்வளவுதான் மொத்த ஜெபமும். அவன்தான் நீதிமானாக வீடு திரும்பினான் என்று இயேசு கதையை முடித்துவிடுகிறார்.

மார்பில் அடித்துக்கொள்வதை நாம் எழவு வீடுகளில் பார்த்திருக்கிறோம். பெற்ற தாய் அடித்துக்கொள்வதும் உண்டு, காசு வாங்கிக்கொண்டு வந்து அடித்துக்கொள்வதும் உண்டு. ‘கூலிக்கு மாரடிக்கிறது’ என்ற சொலவடையே அதில் பிறந்ததுதான். என்னுடைய ‘ஒன்றுக்கும் உதவாத அடியேன்’ எந்த வகை என்று அன்றைக்கு ஆராதனை முடிகிறவரை யோசித்துக்கொண்டிருந்தேன். கூலி என்ன என்பதிலும் சந்தேகம் இல்லை. ஆமென்.

இதில் ஒரு பழைய ஜோக் உண்டு. ஞாயிறு பள்ளி ஆசிரியர் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, “பிள்ளைகளே, நாம் அந்தப் பரிசேயனைப் போல இல்லாததற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்வோம்” என்று ஜெபிக்கச் சொன்னாராம். நாங்கள் சிரித்துவிட்டு, அந்த ஆசிரியரைப் போல நாங்கள் இல்லை என்று நினைத்துக்கொள்வோம்!

சரி, வார்த்தைதான் ஏமாற்றுகிறது, உடம்பால் பணிந்துவிட்டால்? அதற்கும் எங்கள் மரபில் இடம் உண்டு. கத்தோலிக்க சபையில் குருப்பட்டம் பெறும் இளைஞர்கள் பீடத்துக்கு முன்னால் குப்புற விழுந்து கிடப்பார்கள். பெரிய வெள்ளி வழிபாடு, குருவானவர் ஒரு வார்த்தையும் பேசாமல் அப்படி விழுவதில்தான் தொடங்கும். கிட்டத்தட்ட நம் சாஷ்டாங்க நமஸ்காரம். வேளாங்கண்ணியில் சுடுகிற மணலில் முழங்காலாலேயே நகர்ந்து போகிறவர்களைப் பார்க்கும்போது, நான் வேறு சபைக்காரன் என்றாலும், வாயடைத்துப்போகும். அவர்களை எடைபோட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் குனிவதில் இருக்கிற சிக்கலுக்குப் பெத்லகேமில் ஒரு சாட்சி இருக்கிறது.

இயேசு பிறந்ததாகக் கருதப்படும் குகையின் மேல் கட்டிய கோயில் அது. அதன் வாசல் சுமார் நாலடி உயரம்தான். ‘தாழ்மையின் வாசல்’ என்று பெயர். ராஜாவாக இருந்தாலும் குனியாமல் உள்ளே போக முடியாது. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் யாரும் அதைத் தாழ்மைக்காகக் கட்டவில்லை. பெரிதாக இருந்த வாசலில் குதிரையும் வண்டியுமாக உள்ளே புகுந்துவிடுகிறார்கள் என்று, கல் வைத்து அடைத்துச் சின்னதாக்கினார்கள். பழைய வளைவின் தடம் இன்றைக்கும் சுவரில் தெரிகிறது. இப்போது உலகமே அங்கே குனிகிறது. சிலர் பக்தியில், சிலர் தலை இடிக்குமே என்று.

என்னைக் கொஞ்சம் திருத்தியது வேறொரு ஜெபம். ‘தூசியும் சாம்பலும்’ என்று நான் பந்தாவாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் தேடிப் பார்த்தேன். ஆதியாகமம் 18-ஆம் அதிகாரம். சொன்னவர் ஆபிரகாம். எப்போது சொன்னார் தெரியுமா? பேரம் பேசும்போது!

சோதோம் என்ற ஊரை அதன் பாவத்துக்காகக் கடவுள் அழிக்கப்போகிறார். ஆபிரகாம் குறுக்கே நிற்கிறார். அந்த ஊரில் 50 நல்லவர்கள் இருந்தால் அழிப்பீரோ என்கிறார். மாட்டேன் என்கிறார் கடவுள். உடனே, தூசியும் சாம்பலுமான நான் பேசத் துணிந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே 45 ஆக்குகிறார். அப்புறம் 40. 30. 20. கோபித்துக்கொள்ளாதீர், இந்த ஒருதரம் மட்டும் என்று 10 வரை இறக்கிவிடுகிறார். கோயம்பேட்டில் காய்கறி வாங்குகிறவர்கள் பாடம் படிக்கலாம். தாழ்மை என்றால் வாய்பொத்தி நிற்பது என்று யார் சொன்னது?

இவ்வளவும் யாருக்காக? ஊரெல்லாம் கெட்ட பெயர் எடுத்த ஒரு ஊருக்காக. சகோதரன் மகன் லோத்து அங்கே குடியிருந்தான் என்பது உண்மை. ஆனால் அவன் பெயரைக்கூட ஆபிரகாம் எடுக்கவில்லை. இன்னொன்றையும் கவனித்தேன். சோதோமின் பாவம் கொடியது என்று சொல்வது கடவுள்தான். அங்கே என்னென்ன நடக்கிறது என்று ஆபிரகாம் ஒன்றைக்கூடச் சொல்லிக் காட்டவில்லை. ‘நீர் அறிவீர்’ என்று பட்டியல் போடவில்லை. கடைசியில் அந்த ஊர் தப்பவில்லை, பத்துப் பேர்கூடத் தேறவில்லை. அது வேறு கதை.

அவர் தன்னைத் தூசி என்று சொன்னது ஒரு ஊரைக் காப்பாற்ற. நான் சொன்னது பாட்டிமாரை உச்சுக்கொட்ட வைக்க. பரிசேயனும் ஆபிரகாமும் கடவுளுக்கு முன்னால் பாவிகளைப் பற்றிப் பேசினவர்கள்தான். ஒருவன் தன்னை உயர்த்திக்கொள்ள அவர்களைக் கையைக் காட்டினான். மற்றவர் அவர்களுக்குக் கை நீட்டினார். என்னைப் பற்றி நான் எவ்வளவு மட்டமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்பது ஒரு கணக்கே இல்லை என்று அப்போதுதான் பிடிபட்டது. ஜெபத்தில் அடுத்தவனை எங்கே நிறுத்துகிறேன் என்பதைப் பார்த்தால் போதும், குட்டு உடைந்துவிடும்.

அந்த வீட்டில் நான் யாரை எங்கே நிறுத்தினேன்? 40 நாள் குடிக்காமல் இருந்த மனுஷனை. ஈஸ்டருக்கு முன்னால் எங்களுக்கு லெந்து என்று 40 நாள் நோன்பு காலம் வரும். ஒரு வருஷம் காபியை விடுகிறேன் என்று அறிவித்தேன். ஒன்பதாம் நாள் பால்காரர் வருவதற்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் என் 40 நாள்.

இவ்வளவும் புரிந்த பிறகு அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் இல்லையா? கேட்கவில்லை. புரிவதற்கும் கால் எழும்புவதற்கும் நடுவில் வருஷங்கள் போய்விடுகின்றன.

2013 மார்ச் 13-ஆம் தேதி போப் பிரான்சிஸ் தேர்ந்தெடுக்கப்பட்டதை டி.வி.யில் காட்டினார்கள். 76 வயது. மாடத்தில் வந்து நின்றார். கீழே பெரிய கூட்டம், அவருடைய ஆசீர்வாதத்துக்காகக் காத்திருக்கிறது. அவர், நான் உங்களை ஆசீர்வதிப்பதற்கு முன்னால் நீங்கள் எனக்காக ஆண்டவரிடம் வேண்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவு பெரிய சதுக்கம் அமைதியாகிவிட்டது. காமிராவுக்கு முன்னால் செய்கிற பணிவு என்ன பணிவு என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் 2025 ஏப்ரல் 21-ல் இறக்கும்வரை, எனக்காக ஜெபிக்க மறந்துவிடாதீர்கள் என்று போகிற இடமெல்லாம் அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். என்னை உறுத்தியது வேறு. நூற்றுக்கணக்கான பேருக்காக ஜெபித்திருக்கிறேன். எனக்காக ஜெபி என்று நிஜமாகவே யாரிடமாவது கேட்டிருக்கிறேனா?

அதற்கும் ஒரு நாள் வந்தது. மனைவிக்கு ஆபரேஷன். மூன்று மணி நேரம் என்றார்கள். ஐந்து மணி நேரம் ஆகியும் கதவு திறக்கவில்லை. உள்ளே போன நர்ஸ் ஓடுகிற மாதிரி நடந்து போனார். நான் கண்ணை மூடி, “ஆண்டவரே, நீர் அறிவீர்” என்றேன். அதற்கு மேல் வரவில்லை. சத்தியமாக ஒரு வார்த்தை வரவில்லை. எனக்குத் தெரிந்ததும் ஒன்றுமில்லை, அவருக்குச் சொல்வதற்கும் ஒன்றுமில்லை.

போனை எடுத்தேன். பெரிய பெரிய ஜெபவீரர்களின் நம்பரெல்லாம் இருந்தது. நன்றாக ஜெபிக்கிறவர்கள் யாரும் வேண்டாம் என்று தோன்றியது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவன் பெயரில் விரல் நின்றது.

“அண்ணே?” பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம். திரும்ப வாங்கிவிட்டான் போலிருக்கிறது.

“உன் மதினிக்கு ஆபரேஷன் நடந்துட்டு இருக்குடே. எனக்குப் பயமா இருக்கு. ஜெபம் பண்ணேன்.”

“எனக்கு உங்கள மாதிரியெல்லாம் பண்ணத் தெரியாதேண்ணே.”

அப்புறம் அவன் பேசவில்லை. மிஷின் சத்தம் நின்றது. யாருக்கோ கையைக் காட்டியிருக்க வேண்டும். போனில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. நானும் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். இரண்டு நிமிஷமோ மூன்று நிமிஷமோ. பிறகு, “எந்த ஆஸ்பத்திரிண்ணே?” என்றான்.

மனைவி பிழைத்துக்கொண்டாள். ராத்திரி எட்டு மணிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். இதை ஜெபத்தின் பலன் என்று இங்கே எழுதுவது எனக்குச் சுலபம். அதே வராந்தாவில், அதே சாயங்காலம், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றார். அவரும் நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அவள் வெளியே வருவதற்கு முன்பே அவன் வந்துவிட்டான். கையில் மை படிந்திருந்தது. ஒரு பிளாஸ்கும் இரண்டு டம்ளரும் கொண்டுவந்திருந்தான். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து காபியை ஊற்றினான்.

“அன்னைக்கு உன் வீட்டுல நான் பண்ணின ஜெபம்...” என்று ஆரம்பித்தேன். வருஷக்கணக்காக மனசுக்குள் எழுதி எழுதித் திருத்தி வைத்திருந்தது. என் அகந்தையைப் பற்றி, என் குருட்டுத்தனத்தைப் பற்றி, அவன் கால்தூசிக்குக்கூட நான் பெறமாட்டேன் என்பதைப் பற்றி. சொல்லச் சொல்லக் குரல் தானாக ஒரு சுருதி இறங்கியது.

அவன் டம்ளரை என் பக்கம் நகர்த்தினான்.

“அண்ணே, திரும்பவும் ஜெபம் பண்ண ஆரம்பிச்சிட்டீங்க. காபி ஆறுது, குடிங்க.”